கோத்தா திங்கிக் கரையில் மிராண்டா

2009ஆம் ஆண்டு சுங்கை ரெங்கிட் கடலில் கப்பல்கள் வந்து நின்றன. கோத்தா திங்கி மாவட்டத்தின் தென்கிழக்கு முனையில், பெங்கேராங் பக்கம் இருக்கும் மீனவர் ஊர் அது. சிங்கி இறால் சாப்பிடச் சிங்கப்பூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஊரில் சிங்கி இறாலுக்குப் பெரிய சிலையே வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி வெளியுலகம் அறிந்த ஊர் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய நிதிச் சரிவு உலக வணிகத்தை முடக்கியதும், ஏற்றுவதற்குச் சரக்கில்லாத கொள்கலன் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் துறைமுகக் கட்டணத்துக்கு அகப்படாத இந்தக் கடலைத் தேடி வந்து நங்கூரம் போட்டன. பாரம் இல்லாததால் நீர்மட்டத்துக்கு மேல் உயர்ந்து மிதந்தன. தளத்தில் ஆள் நடமாட்டம் தெரியவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் சைமன் பேரி என்ற செய்தியாளர் பிரிட்டனின் ‘டெய்லி மெயில்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். அமெரிக்க, பிரிட்டிஷ் கடற்படைகளை ஒன்றாகச் சேர்த்தாலும் இந்தக் கூட்டத்துக்கு ஈடாகாது என்றார். அந்தக் கப்பல்களில் கெட்ட ஆவிகள் இருக்கலாம், அவை ஊருக்குச் சாபத்தைக் கொண்டுவரலாம் என்று உள்ளூரில் சிலர் பயந்ததையும் பதிவு செய்தார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கப்பல்கள் ஒரு நாவலுக்குள் வந்தன. கனடாவில் பிறந்த எமிலி செயின்ட் ஜான் மாண்டெல் 2014இல் வெளியிட்ட ‘ஸ்டேஷன் லெவன்’ அது. ஆர்தர் சி. கிளார்க் பெயரில் ஆண்டுதோறும் தரப்படும் அறிவியல் புனைகதை விருதை 2015இல் பெற்றது. டொரன்டோ நகரின் ஒரு மேடையில் ‘கிங் லியர்’ நாடகம் நடக்கிறது. லியராக நடிக்கும் ஆர்தர் லியாண்டர் மேடையிலேயே மாரடைப்பில் சாகிறான். அதே இரவில் ஒரு கொடிய காய்ச்சல் ஊருக்குள் நுழைகிறது. சில வாரங்களில் மனித இனத்தில் பெரும்பகுதி இல்லை. ஆர்தரின் முதல் மனைவி கப்பல் நிறுவனத்தில் உயர் அதிகாரி. வேலை நிமித்தம் மலேசியா வந்தவள், கடற்கரை விடுதியில் அந்தக் காய்ச்சலுக்கு இரையாகிறாள். கடைசியில் அவள் பார்ப்பது தொடுவானத்தில் விளக்கேற்றி நிற்கும் வெற்றுக் கப்பல்களை. அவற்றில் இருக்கும் சில மாலுமிகளை நோய் தொட்டிருக்காது, அவர்களாவது பிழைப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறாள். அவள் பெயர் மிராண்டா.

நாவல் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கப்பற்கூட்டத்துக்கு மேற்சொன்ன செய்திக் கட்டுரைதான் தூண்டுதல் என்று மாண்டெல் தம் நன்றியுரையில் குறிப்பிடுகிறார். கப்பல்கள் நின்ற கடல் நம்முடையது. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் தீவில் வளரும் பெண்ணின் பெயரும் மிராண்டாதான். லியரில் தொடங்கும் நாவலில் அந்தப் பெயர் தற்செயலாக விழுந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நாவலின் மிராண்டா ஓயாமல் ஒரு சித்திரக்கதை வரைகிறாள். அதன் பெயர்தான் ‘ஸ்டேஷன் லெவன்’. நிலவளவு பெரிய ஒரு விண்நிலையம். பழுதாகி, ஏறக்குறைய முழுவதும் நீர் நிறைந்து, இடையிடையே தீவுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அதை ஆள்பவர் டாக்டர் லெவன், ஓர் இயற்பியலாளர். நீருக்கடியில் வாழும் கூட்டம் ஒன்று ஊர் திரும்ப வேண்டும் என்று அவரை எதிர்க்கிறது. தீவு, படித்த ஆட்சியாளன், அவனுக்கு அடங்க மறுக்கும் கூட்டம்: ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தை விண்வெளியில் வைத்தால் இப்படித்தான் இருக்கும்.

ஷேக்ஸ்பியர் அறிவியல் புனைகதைக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டால் வழக்கமாகத் தலைப்புகளைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஃபிலிப் கே. டிக் 1959இல் ஒரு நாவலுக்கு ஹாம்லெட்டிலிருந்து தலைப்பு எடுத்தார். ரே பிராட்பரி 1962இல் மேக்பெத்தின் சூனியக்காரிகளிடமிருந்து எடுத்தார். ‘ஸ்டார் ட்ரெக்’ ஆறாவது படத்தின் தலைப்பும் ஹாம்லெட் தந்ததே. அத்தொடரின் ரசிகர்கள் அதில் வரும் கிளிங்கான் மொழியில் ஹாம்லெட்டை முழுதாகவே பெயர்த்துவிட்டார்கள். இவையெல்லாம் சுவையான தகவல்கள், அவ்வளவே. தலைப்பைக் கடன் வாங்குவது தாக்கம் ஆகிவிடாது. உண்மையான கடன் ஒரு நாடகத்திலிருந்து வந்தது. அந்த நாடகமோ கப்பல்கள் உலகைச் சுற்றி வளைக்கத் தொடங்கிய காலத்தின் பயத்திலிருந்து பிறந்தது. அந்தக் கப்பல்கள் போன வழியில்தான் ஜொகூர் ஆறு கடலில் கலக்கிறது.

1609 ஜூலையில், வர்ஜீனியாவில் குடியேறப் போனவர்களை ஏற்றிய ‘சீ வெஞ்சர்’ என்ற கப்பல் புயலில் சிக்கி பெர்முடா தீவில் தட்டி நின்றது. எல்லோரும் செத்திருப்பார்கள் என்று லண்டன் நினைத்தது. தீவிலேயே இரண்டு படகுகள் கட்டிக்கொண்டு மறு ஆண்டு மே மாதம் அவர்கள் ஜேம்ஸ்டவுன் போய்ச் சேர்ந்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவரான வில்லியம் ஸ்ட்ரேச்சி லண்டனில் நாடகக்காரர்களோடு பழகியவர். நடந்ததை 1610இல் நீண்ட கடிதமாக எழுதினார். அது அச்சேறியது 1625இல்தான். அதன் கையெழுத்துப் படியை ஷேக்ஸ்பியர் பார்த்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 1611 நவம்பர் 1ஆம் தேதி ‘டெம்பெஸ்ட்’ அரசவையில் நடிக்கப்பட்டது.

கடிதத்தில் ஒரு காட்சி உண்டு. புயலின் நடுவே பாய்மரத்தில் சிறு நட்சத்திரம்போல் ஒரு சுடர் தோன்றி, கயிறு கயிறாகத் தாவி, விடியும் நேரத்தில் மறைந்துபோகிறது. புயல் மின்னேற்றத்தால் மரமுனைகளில் எரியும் ஒளி அது. மாலுமிகள் அதற்கு ஒரு புனிதரின் பெயர் வைத்திருந்தார்கள். ஷேக்ஸ்பியர் அதையே ஏரியல் என்ற ஆவியின் வேலையாக ஆக்கிவிட்டார்: எஜமான் சொன்னபடி கப்பலின் ஒவ்வொரு மூலையிலும் எரிந்து மாலுமிகளைப் பைத்தியமாக்கினேன் என்று ஏரியல் கணக்கு ஒப்பிக்கிறது. ஒரு இயற்கை நிகழ்ச்சியை எடுத்து, அதற்குப் பின்னால் ஒரு அறிவையும் கட்டளையையும் வைப்பது அறிவியல் புனைகதையின் வேலைமுறை. 1611இல் அந்த அறிவுக்கு மந்திரம் என்று பெயர், அவ்வளவுதான் வேறுபாடு.

1609இல் கப்பல் உடைந்தது, 1611இல் நாடகம் வந்தது. 2009இல் கப்பல்கள் நின்றன, 2014இல் நாவல் வந்தது. ஏறக்குறைய நானூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு எழுத்தாளர்கள் அன்றைய கப்பல் செய்தியை எடுத்துத் தீவாக்கியிருக்கிறார்கள். கப்பலில் ஆவி இருக்கிறது என்ற பயம்கூட இரண்டு இடத்திலும் இருக்கிறது.

பெர்முடா எங்கே, ஜொகூர் எங்கே என்று தோன்றலாம். அந்தக் காலக் கடல் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. 1603 பிப்ரவரி 25ஆம் தேதி, ஜொகூர் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே ‘சாந்தா கத்தரீனா’ என்ற போர்த்துகீசியக் கப்பலை டச்சுத் தளபதி ஹீம்ஸ்கெர்க் ஜொகூர் அரசகுடும்பத்தின் துணையோடு மடக்கிப் பிடித்தார். மக்காவிலிருந்து சீனப் பீங்கானும் பட்டும் ஏற்றி வந்த கப்பல் அது. ஜொகூர் அரசின் தலைநகர் அப்போது பத்து சாவார். இன்றைய கோத்தா திங்கி மாவட்டத்தில் இருக்கிறது. கொள்ளைச் சரக்கு ஆம்ஸ்டர்டாமில் முப்பது லட்சம் கில்டருக்கு மேல் விலைபோனது. அந்தக் கொள்ளையை நியாயப்படுத்த எழுதத் தொடங்கிய இளம் வழக்கறிஞர் ஹ்யூகோ க்ரோஷியஸ், கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று வாதிடும் நூலை வெளியிட்டார். பன்னாட்டுக் கடற்சட்டத்துக்கு அடித்தளம் என்று இன்றும் சொல்லப்படும் அந்த நூல் வெளிவந்த ஆண்டு 1609. ‘சீ வெஞ்சர்’ உடைந்த அதே ஆண்டு.

கடல் யாருடையது என்று ஐரோப்பா நம் ஆற்று முகத்தை வைத்து வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், தீவு யாருடையது என்று ஷேக்ஸ்பியர் மேடையில் கேட்டார். தீவில் பிறந்த காலிபன், தாய் வழியில் தீவு தனக்கே உரியது என்கிறான். மிராண்டாவின் தந்தையும் ஏரியலின் எஜமானுமான பிராஸ்பரோ தன் புத்தகங்களின் பலத்தில் அதை ஆள்கிறான். விறகு சுமப்பது காலிபன். காற்றிலும் நெருப்பிலும் வேலை பார்ப்பது ஏரியல்.

ஏரியலின் நிலையை நம் தோட்டத்து வரலாறு தெரிந்தவர்கள் நிறுத்திப் படிக்க வேண்டும். ஏரியலுக்குத் தவணை உண்டு. முணுமுணுக்காமல் உழைத்தால் ஒரு முழு ஆண்டைக் கழித்துவிடுவதாக எஜமான் வாக்குக் கொடுத்திருக்கிறான். முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் ஏரியல் அதை நினைவூட்டுகிறது. உடனே எஜமானுக்குக் கோபம் வருகிறது. உன்னை மரப்பிளவிலிருந்து மீட்டவன் யார் என்று பழைய கடனைச் சொல்லிக் காட்டுகிறான், இன்னும் முணுமுணுத்தால் மறுபடி மரத்தில் அடைப்பேன் என்று மிரட்டுகிறான். கப்பல் கூலி முன்பணம், கழிக்க வேண்டிய நாட்கள், செய்த உதவியைச் சொல்லிச் சொல்லியே கட்டிப்போடுதல், ஒப்பந்தம் முடிந்தால் விடுதலை என்ற வாக்கு: மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களுக்கு இதில் எதுவும் புதிதல்ல. மலாயாவில் ஒப்பந்தமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை ஓடியது. மார்ட்டினிக் கவிஞர் எமே செசேர் 1969இல் இந்த நாடகத்தைக் கறுப்பின அடிமைகளின் பக்கம் நின்று மாற்றி எழுதினார். தோட்டத் தமிழனின் பக்கம் நின்று எழுத யாரும் முனைந்ததாகத் தெரியவில்லை.

அறிவியல் புனைகதையோ இதை அதற்கு முன்பே பிடித்துக்கொண்டது. ஏரியலுக்கும் காலிபனுக்கும் அங்கே ரோபோ என்று பெயர். 1956இல் எம்.ஜி.எம். தயாரித்த ‘ஃபர்பிடன் பிளானட்’ படம் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தை ஆல்டேர்-4 என்ற கோளுக்குக் கொண்டுபோனது. பிராஸ்பரோ அங்கே மோர்பியஸ் என்ற மொழியறிஞர், மகள் ஆல்டைரா, ஏரியல் இருந்த இடத்தில் ராபி என்ற ரோபோ. கேட்டதைச் செய்து கொடுக்கும், மனிதனைக் கொல்லச் சொன்னால் மட்டும் பொறி கலங்கி நிற்கும். காலிபன் எங்கே? கண்ணுக்குத் தெரியாத ஒரு மிருகம் விண்கலத்து ஆட்களைக் கொல்கிறது. அது வெளியிலிருந்து வரவில்லை. அழிந்துபோன கிரெல் இனத்தின் மாபெரும் இயந்திரம் மோர்பியஸின் ஆழ்மனத்து வெறுப்புக்கு உருக்கொடுத்து அனுப்புகிறது. நாடகத்தின் முடிவில் பிராஸ்பரோ காலிபனைக் காட்டி இந்த இருட்டு என்னுடையதுதான் என்று ஏற்றுக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. மேடையில் சட்டென்று கடந்துபோகும் அந்த ஓர் ஒப்புதலைப் பிடித்துக்கொண்டு இவர்கள் ஒரு படமே எடுத்துவிட்டார்கள். ஷேக்ஸ்பியரைத் தழுவிய அறிவியல் படைப்புகளில் இதுவே சிறந்தது என்பேன். உரையாடல் பல இடங்களில் அசடு தட்டும். பெண் பாத்திரத்தை நடத்தும் விதம் இன்று சகிக்காது. ஆனாலும் மூலத்தை இவ்வளவு கூர்மையாகப் படித்த தழுவல் வேறில்லை.

காலிபன் என்றதும் கோத்தா திங்கிக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம். 2005 கடைசியில், மீன் குளம் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் காட்டோரம் மனித உருவில் பெரிய மிருகங்களைக் கண்டதாகச் சொன்னார்கள். மாதக்கணக்கில் செய்தித்தாள்கள் ‘பிக்ஃபுட்’ பின்னால் அலைந்தன. மாநில அரசே தேடுதல் பற்றிப் பேசியது. காட்டில் வாழும் பூர்வகுடிகளுக்கோ அது ‘ஹந்து ஜாராங் கிகி’. அவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் கதை. தெரியாத நிலத்தில் தெரியாத உருவம் ஒன்றை வைத்துப் பார்க்கும் ஆசை லண்டன் மேடையோடு முடிந்துவிடவில்லை.

ஆல்டஸ் ஹக்ஸ்லி கதைக்கு வருவோம். 1932இல் வந்த அவருடைய ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ தலைப்பை ‘டெம்பெஸ்ட்’ மிராண்டாவின் வாயிலிருந்து எடுத்தது. தீவுக்கு வெளியே மனிதர்களையே கண்டிராத பெண், கப்பலில் வந்த கூட்டத்தைப் பார்த்து வியந்து சொல்வது. வந்தவர்களில் பாதிப்பேர் துரோகிகள் என்று பார்வையாளருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஹக்ஸ்லியின் எதிர்கால உலகில் ஷேக்ஸ்பியருக்குத் தடை. கிழிந்துபோன ஒரு ஷேக்ஸ்பியர் தொகுப்பைப் படித்து வளர்ந்த ஜான், அந்த உலகத்தைப் பார்த்து மிராண்டாவின் வியப்பைத் திரும்பச் சொல்கிறான். முதலில் ஆசையோடு, பிறகு அருவருப்போடு.

அந்த உலகத்தின் கடவுள் ஹென்றி ஃபோர்டு; ஆண்டுகளை ஃபோர்டிலிருந்து எண்ணுகிறார்கள். ஹக்ஸ்லி 1925-26இல் இந்தியா, பர்மா, மலாயா, ஜாவா என்று சுற்றினார். ‘ஜெஸ்டிங் பைலட்’ என்ற அவர் பயண நூலில் மலாயாவுக்குத் தனிப் பகுதி உண்டு. அந்தப் பயணத்தில்தான், ஒரு கப்பலின் நூலகத்தில், ஃபோர்டின் தன்வரலாறு அவர் கையில் கிடைத்தது. ஃபோர்டின் கார்களுக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும், அந்த நாளில் உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து போனது. ஜொகூர் தோட்டங்களில் விடியற்காலையில் மங்கு கட்டிப் பால் எடுத்தவர்கள் நம் பாட்டன்மார். ஆல்ஃபா முதல் எப்சிலான் வரை பிறப்பிலேயே வேலை பிரித்துக் கொடுக்கும் ஹக்ஸ்லியின் உலகத்தைப் படிக்கும்போது, மேட்டில் துரை பங்களா, கீழே கிராணி வீடு, அதற்கும் கீழே லயம் என்று அடுக்கிய தோட்டம் எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. ஹக்ஸ்லி தோட்டத்தைப் பார்த்துத்தான் எழுதினார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அவர் நாவலின் கடவுளுக்கு டயர் கட்டிக் கொடுத்தது யார் என்று நாம் கேட்கலாம்.

‘ஸ்டேஷன் லெவன்’ நாவலில் வரும் கொள்ளைநோய் இழை இதைவிடப் பழையது. 1603இலும் 1606இலும் லண்டனில் நோய் பரவி நாடக அரங்குகளை மூடினார்கள். 1606 டிசம்பர் 26ஆம் தேதி ‘கிங் லியர்’ அரசவையில் நடந்தது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லி 1826இல் ‘தி லாஸ்ட் மேன்’ என்றொரு நாவல் வெளியிட்டார். இருபத்தொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் மனித இனத்தையே அழிக்கும் கதை. நடுவில் ஒரு காட்சி: நோய் சூழ்ந்த லண்டனில் ‘மேக்பெத்’ நடக்கிறது. நாடு எப்படி இருக்கிறது என்று பாத்திரம் ஒன்று கேட்க, சாவுமணி யாருக்கென்று கேட்கக்கூட ஆளில்லை என்ற பொருளில் பதில் வருகிறது. அது ஸ்காட்லாந்தைப் பற்றிய வசனம் என்பதை அரங்கம் மறந்துவிடுகிறது. கடைசியில் மிஞ்சிய ஒரே மனிதன், ஹோமரையும் ஷேக்ஸ்பியரையும் படகில் வைத்துக்கொண்டு, ஆப்பிரிக்கக் கரையோரமாக இந்தியப் பெருங்கடலின் மணக்கும் தீவுகளை நோக்கிப் புறப்படுகிறான். ஷேக்ஸ்பியரைச் சுமந்த கொள்ளைநோய்க் கதை, பிறந்த முதல் நாளிலிருந்தே நம் திசைக்குத்தான் படகு விட்டிருக்கிறது.

மாண்டெல் அந்த இழையைத் தொடர்கிறார். நோய்க்கு இருபது ஆண்டுகள் கழித்து, குதிரை பூட்டிய வண்டிகளில் ஒரு நாடகக் குழு அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் ஊர் ஊராகப் போய் ‘கிங் லியர்’, ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ ஆடுகிறது. புதிய நாடகங்களும் போட்டுப் பார்த்தார்களாம். மக்கள் ஷேக்ஸ்பியரைத்தான் கேட்டார்களாம். இந்த இடம் எனக்குச் சற்று இனிப்பாகப் படுகிறது. மின்சாரமும் மருந்தும் போன உலகில் ஜனங்கள் லியரைக் கேட்பார்களா, பாட்டும் கூத்தும் கேட்பார்களா? நம் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணத்தையும் அரிச்சந்திர மயான காண்டத்தையும் விடிய விடியப் பார்த்தவர்கள் பதில் சொல்லட்டும். குழுவின் முதல் வண்டியில் எழுதியிருக்கும் வாசகம் ஷேக்ஸ்பியருடையதல்ல, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வரும் வசனம் என்பதில் மாண்டெல் குறும்பு செய்திருக்கிறார். அந்தக் குறும்பு பிடிக்கிறது.

குறும்பில் ஐசக் அசிமோவை மிஞ்ச ஆளில்லை. ஷேக்ஸ்பியரின் எல்லா நாடகங்களுக்கும் 1970இல் தடித்த வழிகாட்டி நூல் எழுதியவர், 1954இல் ஒரு குட்டிக்கதை எழுதினார். கால இயந்திரத்தில் ஷேக்ஸ்பியரை வரவழைத்த இயற்பியலாளர், அவரை ஒரு கல்லூரியின் ஷேக்ஸ்பியர் வகுப்பில் சேர்த்துவிடுகிறார். பேராசிரியர் அவரைத் தேர்வில் பெயிலாக்கிவிடுகிறார்.

அறிவியல் புனைகதைக்குப் பிடித்த இரண்டாவது நாடகம் எது என்று என்னைக் கேட்டால் ‘மேக்பெத்’. காரணம் சூனியக்காரிகள் அல்ல, அவர்கள் சொல்லும் எதிர்காலம். வரப்போவது தெரிந்துவிட்டால் அந்தத் தெரிதலே அதை வரவழைத்துவிடும் என்ற முடிச்சு அதில் இருக்கிறது. காலப்பயணக் கதைகளின் அச்சாணி அதுதான். அந்த நாடகத்தில் ஒரு சூனியக்காரி, அலெப்போவுக்குப் போன ‘டைகர்’ கப்பல் தலைவனைப் பழிவாங்கப் போவதாகச் சொல்வாள். 1583இல் அந்தப் பெயருள்ள கப்பலில் லண்டனிலிருந்து சிரியா நோக்கிப் போனவர்களில் ரால்ஃப் ஃபிட்ச் என்ற வணிகர் ஒருவர். அலெப்போ, இந்தியா, பர்மா வழியாக அவர் 1588இல் மலாக்கா வந்து சேர்ந்தார். கோத்தா திங்கி மாவட்டத்தில் இருக்கும் ஜொகூர் லாமா கோட்டையைப் போர்த்துகீசியர் தரைமட்டமாக்கியது அதற்கு முந்தைய ஆண்டு.

கோத்தா திங்கிக்குச் சொந்தமாகவே ஒரு மேக்பெத் உண்டு. 1699இல் ஜொகூர் சுல்தான் மஹ்மூத் பல்லக்கில் போகும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் சாட்சி. 1695இல் அவர் பரிசளித்த கைத்துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்க்க, சுல்தான் தெருவில் போன ஏழை ஒருவனைச் சுட்டாராம். கொலைக்கான காரணத்தை மக்கள் கதையாகச் சொல்கிறார்கள். படைத்தலைவன் மெகாட் ஸ்ரீ ராமாவின் கர்ப்பிணி மனைவி, மசக்கை தாங்காமல் அரசருடைய பலாப்பழத்தில் ஒரு சுளை தின்றுவிட்டாள். குழந்தைதான் கேட்டதா என்று பார்க்க அவள் வயிற்றைக் கிழிக்கச் சொன்னார் சுல்தான். போர் முடிந்து வந்த கணவன் பழி தீர்த்தான். சாகும் நேரத்தில் சுல்தான் எறிந்த கிரிஸ் மெகாட்டின் காலில் தைத்தது. அவன் வம்சத்தார் ஏழு தலைமுறைக்குக் கோத்தா திங்கி மண்ணை மிதித்தால் ரத்தம் கக்கிச் சாவார்கள் என்று சாபமும் விழுந்தது. சமாதி கம்போங் மக்காமில் இருக்கிறது. மலாக்காவிலிருந்து வந்த அரச வம்சம் அவரோடு அறுந்தது. 1718இல் சியாக்கிலிருந்து ராஜா கெச்சில் வந்து, தான் கொலையுண்ட சுல்தானின் மகன் என்று சொல்லி ஆட்சியைப் பிடித்தார். வயிற்றைக் கிழித்தெடுத்த குழந்தை, அரசக் கொலை, உரிமை கேட்டு வரும் வாரிசு: ஷேக்ஸ்பியர் கையில் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அவரையும் இந்தக் கதையையும் ஒரே மேடையில் ஆடியவை பங்சாவான் நாடகக் குழுக்கள். பார்சி நாடகத்தைப் பார்த்துப் பினாங்கில் முளைத்தவை அவை. 1961இல் இக்கதை மலாய்ப் படமாக வந்தது. இயக்கியவர் இந்தியரான கே. எம். பாஸ்கர்.

தமிழ் மேடைக்கு வந்த ஷேக்ஸ்பியர் வேறு மாதிரியானவர். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார், மேக்பெத்தை மகபதி ஆக்கினார். வாணீபுர வணிகன், விரும்பிய விதமே, சிம்மளநாதன் என்று மற்றவை. அந்த வரிசையில் ‘டெம்பெஸ்ட்’ இல்லை. மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்து, அறிவியல் பட்டம் பெற்று, பின்னாளில் துறவியான விபுலானந்தர் 1926இல் ‘மதங்கசூளாமணி’ எழுதி, ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்பிட்டார். சினிமாவோ ‘கன்னியின் காதலி’யில் ‘ட்வெல்ஃப்த் நைட்’ எடுத்தது. சிவாஜி ஒதெல்லோவாகவும் சீசராகவும் ஹாம்லெட்டாகவும் படங்களுக்குள் மேடையேறினார். காதல், துரோகம், ஆள்மாறாட்டம், கர்ஜனை. கப்பலுடைந்த தீவும் புத்தகம் படித்தே ஆளும் கிழவனும் நம் ரசனைக்கு வெளியே நின்றுவிட்டார்கள். கடல் தாண்டி வந்து தோட்டத்தில் உழைத்த சமூகத்துக்கு மிக நெருக்கமான ஷேக்ஸ்பியர் நாடகம், அந்தச் சமூகத்தின் மேடைக்கு வராமலே போயிற்று.

வேடிக்கையான கொடுக்கல் வாங்கல் ஒன்றும் இங்கே உண்டு. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ 1891இல் ஷேக்ஸ்பியர் பாணியில் ஐந்து அங்கங்களோடு வந்தது. கதை லிட்டன் எழுதிய ஆங்கிலக் கவிதைக் கதை ஒன்றிலிருந்து. அதே லிட்டன் 1871இல், நிலத்தடியில் வாழும் ஆற்றல் மிக்க இனத்தைப் பற்றி ‘தி கமிங் ரேஸ்’ எழுதியவர். ஆரம்பகால அறிவியல் புனைகதைகளில் ஒன்றாக அதை எண்ணுகிறார்கள். லிட்டனிடம் நாம் பாண்டிய இளவரசியை எடுத்துக்கொண்டோம், அறிவியலை விட்டுவிட்டோம்.

அதைப் பிறகு மேடைக்குக் கொண்டுவந்தவர் சுஜாதா. பூர்ணம் விஸ்வநாதன் குழு நடித்த ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தில், ஓய்வுபெற்ற சீனிவாசன் வீட்டுக்கு எதிர்காலத்து மனிதன் ஜோ வந்துவிடுகிறான். அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். வீட்டார் அவருக்குப் பைத்தியம் என்கிறார்கள், பிறகு தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். விருந்தில் பாங்கோவின் ஆவி மேக்பெத்துக்கு மட்டும் தெரிகிறது. தாயின் அறையில் அப்பாவின் ஆவி ஹாம்லெட்டுக்கு மட்டும் தெரிகிறது. ஒருவருக்கு மட்டும் தெரியும் விருந்தாளி என்ற அதே மேடை உத்தியைச் சுஜாதா சபாக் காமெடிக்குத் திருப்பினார். எங்கிருந்து எடுத்தார் என்பது முக்கியமல்ல. தமிழில் அறிவியல் புனைகதை மேடையில் நிற்கும், ஜனம் கைதட்டும் என்று அந்த நாடகம் காட்டிவிட்டது.

இத்தனையும் சொன்ன பிறகு மாண்டெல்லிடம் எனக்கொரு குறை. மிராண்டா சாகும் கரையில் நம் ஆள் யாரும் இல்லை. மலேசியா ஒரு விடுதி, ஒரு மணற்பரப்பு, தூரத்து விளக்குகள். காலிபன்கூட இல்லாத தீவு. அந்தக் கப்பல்களுக்கிடையே வலைபோட்ட மீனவனுக்கு அந்த இரவில் என்ன ஆயிற்று என்று நாவல் கேட்கவில்லை. அதே பெங்கேராங்கில் அந்த நாவல் எழுதப்பட்ட ஆண்டுகளில் கிராமங்களும் இடுகாடுகளும் இடம்பெயர்ந்து, நாளைக்கு மூன்று லட்சம் பீப்பாய் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைக்கு நிலம் தயாரானது. இரவில் அந்தக் கோபுர விளக்குகளைப் பார்ப்பவருக்கு வேற்றுக்கோள் தேடிப் போக வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டம், ஆலை, ஏழு தலைமுறைச் சாபம், காட்டு உருவம், வெற்றுக் கப்பல் எல்லாம் ஒரே மாவட்டத்தில் கிடக்கின்றன. இதை எழுதும் தமிழ் எழுத்தாளர் யார்?

நாவல் எழுத நாளாகும் என்றால் மேடையில் தொடங்கலாம். தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவுக்கோ இளைஞர் மன்றத்துக்கோ நாடகம் தேடுபவர்கள் ‘டெம்பெஸ்ட்’ முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாத்திரங்கள், சுருக்கினால் அரை மணி நேரம். ஏரியலை ஒப்பந்தக் கூலியாகவோ ரோபோவாகவோ ஆக்குங்கள். வசனத்தில் அதிகம் கைவைக்க வேண்டியிருக்காது.